வரவு செலவுத் திட்டப் பணத்தை வன்னிக் குளக்கட்டு வரை பின்தொடரும் முறை

இலங்கையின் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில் வடக்குக்கு எத்தனை மில்லியன் என்று எல்லோரும் கேட்கிறோம். அந்தப் பணத்தில் எவ்வளவு உண்மையில் செலவானது என்று அடுத்த ஜனவரியில் கேட்பவர்கள் மிகச் சிலரே. இடையில் என்றாவது ஒரு கூட்டத்தில் "நிதி திரும்பிப் போய்விட்டது" என்ற பதில் வரும், அத்துடன் பேச்சும் முடிந்துவிடும். ஒரு கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ அந்தப் பதிலோடு நின்றுவிடாமல் மேற்கொண்டு எப்படிக் கேட்கலாம் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

முதலில் மூன்று தொகைகளைப் பிரித்து அறிய வேண்டும்: உரையில் அறிவித்த தொகை, சட்டத்தால் ஒதுக்கிய தொகை, திறைசேரி உண்மையில் விடுவித்த தொகை. 2025 பெப்ரவரி 17 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நிதியமைச்சர் என்ற வகையில் ஆற்றிய உரையில், வட மாகாணத்தின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபாவும், முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபாவும் அறிவிக்கப்பட்டன. கோடியில் சொன்னால் முறையே 500 கோடி, 100 கோடி. இவை அறிவிப்புகள் மட்டுமே. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் குழுநிலை விவாதத்தையும் மூன்றாம் வாசிப்பையும் கடந்த பின்னரே செலவிடும் அதிகாரம் பிறக்கிறது. அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் ஒப்படைத்திருப்பதால், அமைச்சர் ஒருவர் மேடையில் சொன்னதை நம்பி இருப்பதைவிட, நிதியமைச்சு வெளியிடும் வரவு செலவு மதிப்பீடுகளில் அந்த வேலைக்குரிய செலவுத்தலைப்பைத் தேடிக் குறித்துக்கொள்வதே உறுதியானது. ஒவ்வொரு மாவட்டச் செயலகத்துக்கும் தனித் தலைப்பு உண்டு.

அந்தப் பக்கத்தில் மீண்டெழும் செலவு, மூலதனச் செலவு என்று இரு பகுதிகள் இருக்கும். சம்பளம், ஓய்வூதியம், அஸ்வெசும போன்றவை முதலாவதில் அடங்கும். குளக்கட்டு, வாய்க்கால், வீதி, பாலம் எல்லாம் இரண்டாவதில் அடங்கும். சம்பளத்தை நிறுத்தினால் மறுநாளே வேலைநிறுத்தம் வரும், குளத்திலிருந்து நீர் திறந்துவிடும் மதகான துருசைத் திருத்தாமல் விட்டால் அடுத்த போகம் வரை எவரும் கேட்கமாட்டார்கள். நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது மூலதனச் செலவாக இருப்பதன் காரணம் இதுதான்.

தேசிய விவாதம் நம்மூரைத் தொடும் இடமும் இதுவே. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 48 மாதங்களுக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் வசதியை அங்கீகரித்தது. அதன்படி 2025 முதல், வட்டி நீங்கலாக, அரச வருமானம் செலவைவிட மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீத அளவு மிகையாக இருக்க வேண்டும். 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டமும் வட்டி நீங்கிய செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதம் என்ற உச்சவரம்பை விதித்திருக்கிறது. இந்த இலக்குகள் சரியா தவறா என்று கொழும்பில் வாதிடுகிறார்கள், வாதிடட்டும். வன்னியில் இருப்பவர் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒதுக்கிய மூலதனப் பணம் செலவாகாமல் மிஞ்சினால், அதுவும் கணக்கில் மிகையைக் கூட்டியே காட்டும். ஆகவே இலக்கை எட்டிவிட்டோம் என்ற செய்தியைக் கேட்டு மகிழ்வதற்கு முன், அதில் திருத்தப்படாத குளங்களின் பங்கு எவ்வளவு என்று கேட்பது நியாயமே.

இதில் காலம் பெரிய சிக்கல். நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதியாகிறது. வன்னியிலோ ஒக்டோபரில் மழை தொடங்கிவிடும், அதன்பின் குளக்கட்டில் மண் வேலை செய்ய முடியாது. சிறுபோக நீர் விட்டு முடிந்து குளம் வற்றிக் கிடக்கும் யூலை தொடக்கம் செப்டெம்பர் வரையான சில வாரங்களே வேலைக்கு உகந்தவை. 2025 இல் வரவு செலவுத் திட்டம் நிறைவேறியதே மார்ச் 21 அன்றுதான். அதன் பிறகு மதிப்பீடு, கேள்விப்பத்திரம், ஒப்பந்தம் என்று தாள்கள் நகர வேண்டும். நவம்பரில் வந்து சேரும் பணம் திரும்பிப் போகத்தான் செய்யும். அதற்கு ஒப்பந்தகாரரை மட்டும் திட்டிப் பயனில்லை.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயல்களுக்கு நீர் தரும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் உள்ளது. மாகாண எல்லை கடந்து வரும் ஆற்றை நம்பிய திட்டங்கள் மத்திய அரசுக்குரியவை. மல்வத்து ஓயாவிலிருந்து நீர் பெறும் மன்னார்க் கட்டுக்கரைக்குளம் இந்த வகை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் தேர்தல் நடைபெறாததால், மாகாண வேலைகளைப் பற்றிக் கேள்வி எழுப்பத் தெரிவு செய்யப்பட்ட மாகாண உறுப்பினர் எவரும் இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. வேலை நடக்கும் இடத்தில் பெயர்ப்பலகை நாட்டியிருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிதி மூலம், மதிப்பீட்டுத் தொகை, நிறைவேற்றும் திணைக்களம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

பின்னர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். "ஏன் எங்கள் குளம் திருத்தப்படவில்லை?" என்று எழுதினால் சாக்குத்தான் பதிலாக வரும், ஆவணத்தைக் கேளுங்கள். உதாரணமாக இவ்வாறு எழுதலாம்:

"2025 ஆம் ஆண்டில் எமது கமநல சேவை நிலையப் பிரிவின் சிறு குளங்களின் புனரமைப்புக்கென ஒதுக்கப்பட்ட தொகை, திறைசேரியிடமிருந்து கட்டுநிதி கிடைத்த திகதிகளும் தொகைகளும், டிசம்பர் 31 வரை செலவிடப்பட்ட தொகை ஆகியவற்றைக் குளவாரியாகவும், ஒவ்வொரு வேலையினதும் மதிப்பீட்டுப் பிரதியையும் தருக."

கட்டுநிதி என்பது செலவுக்காகத் திறைசேரி விடுவிக்கும் பணம். இந்தக் கேள்வியில் உயிர் நாடி திகதிதான். பணம் ஓகஸ்டில் வந்தும் வேலை நடக்கவில்லை என்றால் தவறு மாவட்டத்தில். நவம்பரில் வந்திருந்தால் தவறு திறைசேரியில். இரண்டையும் ஒரே சத்தத்தில் குற்றம் சாட்டினால் எவரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

விண்ணப்பம் பெற்றதற்கான ஒப்புதலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். காலக்கெடு அதிலிருந்தே கணக்காகும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடம் செல்லலாம்.

கிடைத்த பதிலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு எழுத்தில் அனுப்பும்போது, வவுனியா, மன்னார், முல்லைத்தீவுக்காரர் வன்னித் தேர்தல் மாவட்ட உறுப்பினர்களுக்கும், கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட உறுப்பினர்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் திணைக்களங்கள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே தயாரிக்கத் தொடங்குவதால், இந்தக் கடிதம் யூன் முடிவதற்குள் மேசையில் இருக்க வேண்டும். வழக்கம்போல் நவம்பரில் குழுநிலை விவாதம் தொடங்கிய பின் அனுப்பும் மகஜர் செய்தித்தாளில் படமாக வருமேயன்றி மதிப்பீட்டில் வரியாக வராது.