குறுக்கு விசாரணையில் சாட்சியை முரண்படுத்துவதும் மீள் விசாரணையில் நிமிர்த்துவதும்

பொலிசில் சொன்னது ஒன்று, சாட்சிக் கூண்டில் சொல்வது இன்னொன்று. எதிரிக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக, குறுக்கு விசாரணை செய்யும் சட்டத்தரணிக்கு இதைவிட வலுவான ஆயுதம் கிடைப்பது அரிது. ஆனாலும் அதைப் பாதி வழியில் கைவிடுகிறவர்கள் பலர். முரண்பாட்டைச் சாட்சியிடம் காட்டுவார்கள், அவர் தடுமாறியதும் திருப்தியோடு உட்கார்ந்துவிடுவார்கள். நிரூபிக்கப்படாத முரண்பாடு தீர்ப்பு எழுதும் நேரத்தில் எதற்கும் உதவாது. இலங்கையின் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு கேட்கும் ஒழுங்கைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும்.

ஒரு கற்பனை வழக்கை எடுப்போம். கொக்குவிலில் ஓர் ஒழுங்கையில் இரவு எட்டரைக்கு அடிபாடு. "லைற் வெளிச்சத்தில் எதிரியின் முகத்தை வடிவாகக் கண்டேன்" என்று சாட்சி, தன்னை அழைத்த தரப்பு கேட்கும் முதல் விசாரணையில் சொல்கிறார். பொலிஸ் வாக்குமூலத்திலோ, "இருட்டாக இருந்தது, குரலை வைத்துத்தான் ஆளை மட்டுக்கட்டினேன்" என்று இருக்கிறது.

முதலில், மன்றில் சொன்னதை அவர் வாயாலேயே இறுக்குங்கள். "வெளிச்சம் இருந்தது என்கிறீர்கள். முகத்தைக் கண்டீர்கள். அதில் சந்தேகமில்லை?" இந்த நேரத்தில் வாக்குமூலத்தைக் கையில் தூக்கிக் காட்டாதீர்கள். எழுத்தைக் காட்டாமலே அதைப்பற்றிக் கேட்கப் பிரிவு 145 இடம் தருகிறது. முன்கூட்டியே காட்டினால், "கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் வெளிச்சம்" என்று அவர் நடுவில் போய் நின்றுவிடுவார்.

அடுத்தது சந்தர்ப்பம். எந்தத் திகதி, எந்தப் பொலிஸ் நிலையம், பதிந்தவர் யார், வாசித்துக் காட்டினார்களா, கையொப்பம் வைத்தாரா? இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எழுத்தில் இல்லாமல் வாயால் சொன்ன பழைய கூற்றென்றால் இது இன்னும் முக்கியம். எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்று சாட்சிக்கு விளங்கும் அளவுக்கு எடுத்துச் சொல்லாமல், அதை நிரூபிக்கச் சட்டம் விடாது.

பிறகு முரண்படும் வரியை உள்ளது உள்ளபடி வாசியுங்கள். சுருக்கிச் சொன்னால் எதிர்த்தரப்பு எழும்பும், எழும்பத்தான் வேண்டும். "அப்படிச் சொன்னீர்களா?" என்று கேளுங்கள். "ஓம்" என்றால் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். "இல்லை" அல்லது "ஞாபகமில்லை" என்றால், அந்த வரியை மட்டும், பிறகு நிரூபிக்கும் நிபந்தனையோடு, எதிரித் தரப்பு அடையாளத்தில் இடும்படி மன்றைக் கேளுங்கள். முழு வாக்குமூலத்தையும் அடையாளமிடுவது பெரிய பிழை. உங்களுக்குப் பாதகமான வரிகளையும் நீங்களே உள்ளே கொண்டுவந்தவராவீர்கள்.

வழக்கு தவறிப்போவது கடைசிப் படியில்தான். வாக்குமூலத்தைப் பதிந்த உத்தியோகத்தர் கூண்டேறும்போது அதே வரியை, வாக்குமூலங்கள் பதியும் பொலிஸ் தகவற் புத்தகத்திலிருந்து வாசித்து, சாட்சி சொன்னபடியே தான் பதிந்ததாக அவர் சொல்லவேண்டும். வழக்குத் தொடுநர் அவரை அழைக்கப் போவதில்லை என்று தெரிந்தால் நீங்கள் அழையுங்கள். தென்பகுதிக்கு இடமாற்றமாகிப் போயிருந்தால் அழைப்பாணைக்கு நாள் பிடிக்கும். ஆகவே அடையாளமிட்ட அன்றே விண்ணப்பியுங்கள்.

முன்னைய கூற்று சாட்சியின் நம்பகத்தன்மையைத்தான் குறைக்கும். அதில் சொன்ன விடயம் உண்மை என்பதற்கு அது சான்றாகாது. "ஆகவே ஒழுங்கை இருட்டாக இருந்தது என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று வழக்கின் முடிவில் செய்யும் தொகுப்புரையில் வாதிட்டால் தவறு. முகத்தைக் கண்டதாகச் சொல்லும் பேச்சை நம்பமுடியாது என்று மட்டும் வாதிடலாம்.

விடுபாடு வேறு விடயம். மன்றில் "கத்தி வைத்திருந்தார்" என்கிறார். வாக்குமூலத்தில் கத்தி என்ற சொல்லே இல்லை. இல்லாத வரியை வாசித்து அடையாளமிட முடியாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110(4)ஆம் பிரிவின்கீழ் மன்று அந்த வாக்குமூலத்தை எடுத்துப் பார்க்கலாம். கீர்த்தி பண்டார எதிர் சட்டமா அதிபர் (2000) வழக்கு காட்டிய வழியில், விடுபாட்டை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவந்து பதிவிலும் ஏற்றுங்கள். அந்த விபரம் தன்னிடம் சொல்லப்படவில்லை என்பதைப் பதிந்த உத்தியோகத்தரிடமும் கேட்டெடுங்கள்.

இனி, எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் பதிந்திருந்தால், முரண்பாடு சாட்சியுடையதா மொழிபெயர்ப்புடையதா என்று முதலில் பாருங்கள். "அந்தத் தம்பிதான் அடிச்சவர்" என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், தன்னைவிட வயது குறைந்த ஓர் ஆள் என்றுதான் அர்த்தம். அது சிங்களத்தில் "மல்லி" (இளைய சகோதரன்) ஆகி, திரும்பத் தமிழுக்கு வரும்போது "எனது சகோதரன் அடித்தார்" ஆகிவிடும். மூன்று மணியையும் சேர்த்து நாங்கள் சொல்லும் "பின்னேரம்" என்ற சொல் "மாலை" ஆகி, நேரக்கணக்கே பிசகிவிடும். மேல் நீதிமன்ற வழக்கில் குற்றப்பகர்வுப் பத்திரத்தோடு (குற்றச்சாட்டுப் பத்திரம்) வரும் வாக்குமூலப் பிரதியை, மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல் மூலத்தோடும் வைத்துப் பாருங்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. எதிரித் தரப்பில் நிற்பவரும் இதைச் செய்யவேண்டும். மல்லியை நம்பி எழுப்பிய முரண்பாடு மீள் விசாரணையில் ஒரே கேள்வியில் விழுந்துவிடும்.

சாட்சியின் நடத்தையைத் தாக்கும் கேள்விகளுக்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 149ஆம் பிரிவு நியாயமான ஆதாரம் கேட்கிறது. ஆதாரமில்லாமல் கேட்ட சட்டத்தரணியைப்பற்றி உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையிட 150ஆம் பிரிவில் இடமுண்டு. இழிவுபடுத்தவென்றே கேட்கும் கேள்வியை மன்று தடுக்கவேண்டும். நம்பகத்தன்மையை மட்டும் தொடும் கேள்விக்குச் சாட்சி பதில் சொன்னால் 153ஆம் பிரிவின்படி அந்தப் பதிலோடு நிற்கவேண்டும், மறுப்புச் சான்று கொண்டுவர முடியாது. விலக்கு இரண்டுண்டு: முன்னைய குற்றத் தீர்ப்பும் பக்கச்சார்பும். பங்குக் கிணற்றுத் தண்ணீருக்காகவோ வேலி எல்லைக்காகவோ எதிரியோடு பகை உண்டா என்று கேட்டு, சாட்சி இல்லையென்றால், அந்தப் பகையை நிரூபிக்கலாம். பள்ளிக்கூட நாளில் பொய் சொன்னாரா என்று கேட்டு மறுத்தால், கதை அங்கேயே முடிந்தது.

அழைத்த சாட்சியே எதிராகத் திரும்பினால், 154ஆம் பிரிவின்கீழ் குறுக்கு விசாரணைக்குரிய கேள்விகளைக் கேட்க மன்றின் அனுமதி வேண்டும். அனுமதி தானாகக் கிடைக்காது. ஏன் வேண்டுமென்று காட்டுங்கள்.

இனி மீட்பது. மீள் விசாரணை என்பது, சாட்சியை அழைத்த தரப்பு மறுபடி கேட்டு, குறுக்கு விசாரணையில் எழுந்தவற்றை விளக்குவதற்கு. முதல் விசாரணையில் விடுபட்டதை நுழைக்கப் பார்த்தால் எதிர்த்தரப்பு மறிக்கும். மன்றின் அனுமதியோடு புதிதாக ஏதாவது வந்தால் அதன்மேல் மீண்டும் குறுக்கு விசாரணை வரும். பதிலைத் தானே சொல்லிக்கொடுக்கும் வழிநடத்தும் கேள்வியும் கேட்க முடியாது. "தம்பி என்று யாரைச் சொன்னீர்கள்?", "வாக்குமூலத்தை எந்த மொழியில் வாசித்துக் காட்டினார்கள்?", "வாக்குமூலம் கொடுக்கும்போது எங்கே இருந்தீர்கள்?" போன்ற சின்னத் திறந்த கேள்விகள் போதும்.

"பொலிசிலும் இதைத்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டுச் சாட்சியை நிமிர்த்தப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. 157ஆம் பிரிவு முன்னைய ஒத்த கூற்றுகளை உறுதிப்படுத்தலுக்கு அனுமதிக்கிறது. ஆனால் விசாரணையின்போது பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110(3) தடை போடுகிறது. உடைக்கலாம், ஒட்ட முடியாது. ஒட்டுவதற்கு வேறு இடம் தேடுங்கள். சம்பவம் நடந்த உடனே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது, சட்ட வைத்திய அதிகாரி காயத்தின் வரலாறாக எழுதியது ஆகியவை 157க்குள் வரக்கூடும். "நடந்த நேரத்தை ஒட்டி" சொல்லியிருக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

முரண்பாடு வேரைத் தொடுகிறதா, ஓரத்தைத் தொடுகிறதா என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். கமரா போல மனிதர் நினைவில் வைத்திருப்பதில்லை என்று பர்வாடா போகின்பாய் வழக்கில் (1983) இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதை எங்கள் நீதிமன்றங்களும் எடுத்தாள்கின்றன. ஆகவே பதினைந்து முரண்பாடுகளை அடையாளமிடுவதைவிட, அடையாளம் காணலையோ ஆயுதத்தையோ தொடும் இரண்டு போதும். சட்டை நிறம் வேறாக இருந்ததை விட்டுவிடலாம். ஆனால் உங்கள் தரப்பு நிலைப்பாட்டைச் சாட்சியிடம் முன்வைக்காமல் விடாதீர்கள். கேட்காமல் விட்டதைத் தொகுப்புரையில் பொய் என்றால், ஏன் அப்போது கேட்கவில்லை என்ற கேள்வி வரும்.

வடக்கில் பதிவேடு தமிழில் இருந்தாலும், மேன்முறையீட்டுக்குப் போகும்போது வேறு மொழிக்கு மாற்றப்படும். சாட்சி கையை நீட்டிக் காட்டி "இவ்வளவு தூரம்" என்றால் பதிவில் அந்தச் சொல் மட்டும்தான் இருக்கும். "ஏறக்குறைய 15 அடி தூரத்தைச் சாட்சி காட்டுகிறார்" என்று அந்த இடத்திலேயே பதிவிக்கச் செய்யுங்கள்.