இரண்டு முட்டியையும் ஒரே நாளில் மாற்றலாமா? முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

எக்ஸ்ரே படத்தில் இரண்டு முட்டியிலும் எலும்போடு எலும்பு உரசுவது தெரிந்துவிட்டால், "ஒரே தடவையில ரெண்டையும் முடிச்சிரலாமா டாக்டர்?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். ஒரே மயக்க மருந்து, ஒரே மருத்துவமனைச் சேர்க்கை, ஒரே விடுப்பு, மொத்தச் செலவும் பெரும்பாலும் குறைவு. எல்லாம் உண்மைதான். ஆனால் முட்டியின் நிலையை மட்டும் வைத்து இந்த முடிவை எடுப்பது பெரிய தவறு. முட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் எவ்வளவு வலிக்கிறது என்பதையும் வைத்து செயற்கை மூட்டு வைத்து மாற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றலாமா என்பதை உங்கள் இதயமும் நுரையீரலும் இரத்தமும் வீட்டில் இருக்கும் ஆள்பலமும்தான் தீர்மானிக்க வேண்டும்.

எந்த முட்டி முதலில்?

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் எதை மாற்றுவீர்கள்? யோசிக்காமல் "இடது" என்று பதில் வந்தால் இடதை மட்டும் முதலில் மாற்றுவதே பெரும்பாலும் நல்லது. வலிக்கும் காலைக் காப்பாற்ற மறு கால்தான் இத்தனை நாளும் கூடுதல் சுமை தாங்கியிருக்கும். மோசமான முட்டி சரியானதும் மற்றதன் வலி அடங்குவது உண்டு. இரண்டாவது அறுவை சிகிச்சை சில ஆண்டுகள் தள்ளிப்போகலாம், தேவைப்படாமலே போகலாம். படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக, அதிகம் வலிக்காத முட்டியையும் "அப்படியே சேர்த்து" மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இரண்டு காலும் வில்போல் வளைந்தவர்கள், படுத்தாலும் இரண்டு முட்டியும் முழுவதும் நீளாமல் மடங்கியே நிற்பவர்கள், இவர்களுக்கு ஒரு காலை மட்டும் நேராக்கினால் அந்தக் கால் நீளமாகிவிடும். மடங்கிய காலுக்கு ஈடுகொடுக்கப் புது முட்டியையும் மடக்கியே நடப்பார்கள். சில மாதங்களில் புது முட்டியும் நீள மறுக்கும். உடல் தாங்கும் என்றால் இவர்களுக்கு ஒரே நாளில் இரண்டையும் செய்வதில் உண்மையான நியாயம் இருக்கிறது. பயத்தால் மட்டும் அதை மறுத்துவிட வேண்டாம்.

"இரட்டை வேலை, அவ்வளவுதான்" என்று நினைப்பது

தொடை எலும்பை அளவாக வெட்ட, வழக்கமான முறையில் எலும்பின் உட்குழிக்குள் ஒரு கம்பியைச் செலுத்துவார்கள். அப்போது மஜ்ஜைக் கொழுப்பு துளித்துளியாக இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகிறது. ஒரு முட்டி என்றால் பெரும்பாலோரின் உடல் இதைச் சமாளித்துக்கொள்ளும். ஒரு மணி நேர இடைவெளியில் அதுவே மறுபடியும் நடந்தால், ஏற்கெனவே பலவீனமான நுரையீரலும் இதயமும் திணறும். கணினி அல்லது ரோபோ உதவியுடன் செய்யும் முறைகளில் இந்தக் கம்பி பெரும்பாலும் தேவையில்லை என்பதால் கொழுப்புக் கசிவு குறையும். ஆனால் இரத்த இழப்பும், மயக்க நிலையில் இருக்கும் நேரமும், காலில் இரத்தம் உறையும் வாய்ப்பும் ரோபோவால் ஒற்றை முட்டியின் அளவுக்கு இறங்கிவிடுவதில்லை.

ஆகவே மாரடைப்பு, நுரையீரல் இரத்தக்கட்டி, இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை, வயதானவர்களுக்கு முதல் சில நாள் வரும் மனக்குழப்பம் ஆகியவை இரட்டை அறுவையில் கூடுதலாகவே இருக்கும். ஆரோக்கியமானவருக்கு இந்த ஆபத்து சிறியதுதான். 75 வயதைத் தாண்டியவர், இதயம் பலவீனமானவர், இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகாதவர், சிறுநீரகம் பழுதானவர், நாள்பட்ட நுரையீரல் நோயாளி, உடல் பருமன் மிக அதிகமானவர் ஆகியோருக்குப் பெரும்பாலான மருத்துவக் குழுக்கள் ஒன்றொன்றாகச் செய்யவே சொல்வார்கள். இடைவெளி வழக்கமாக 3 மாதம். குறட்டை பலமாக விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர் என்றால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். "குறட்டைதானே" என்று வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை.

இரத்தமும் சர்க்கரையும்

அறுவை நாளுக்கு ஒரு வாரம் முன்பு இரத்தச்சோகையைக் கண்டுபிடித்துப் பயனில்லை. ஒரு முட்டிக்கே ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் இறங்கலாம். இரண்டுக்கும் சேர்த்தால் இன்னும் கீழே போகும். 11-இல் தொடங்குபவருக்கு இரத்தம் ஏற்றும்படி ஆகலாம், 13-இல் தொடங்குபவர் பெரும்பாலும் தப்பிப்பார். சைவம் மட்டும் சாப்பிடும் அம்மாக்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். குறைந்தது 6 வாரம் முன்பே பரிசோதித்தால் மாத்திரையோ ஊசிவழி இரும்போ வேலை செய்ய நேரம் கிடைக்கும். பரம்பரை இரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே இருக்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை விழுங்கக்கூடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு, சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தேதி தள்ளிப்போகும். புண் ஆறாமல் கிருமி புகுந்தால் உள்ளே இருக்கும் உலோகத்தையே கழற்ற நேரிடும். இரண்டு முட்டி என்றால் கிருமி நுழைய இரண்டு வாசல். இந்த அளவு ஏறத்தாழ 3 மாதச் சராசரி என்பதால், கடைசி இரண்டு வாரம் சோற்றைக் குறைத்து அதை இறக்கிவிட முடியாது. எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் வகை நீரிழிவு மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை, முக்கியமாக ஸ்டென்ட் உள்ளவர்கள், தாங்களாக நிறுத்தவே கூடாது.

மறைக்கப்படும் இரண்டு விஷயங்கள் பெரிய தொல்லை தருகின்றன. ஒன்று, முட்டிக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசி. கடைசி ஊசிக்குப் பிறகு 3 மாதம் கழியாமல் அறுவை செய்தால் கிருமித்தொற்று வாய்ப்பு கூடும். இரண்டு முட்டியிலும் ஊசி போட்டவர் இரண்டு தேதியையும் சொல்ல வேண்டும். மற்றொன்று, தெரிந்தவர் மூலம் வாங்கும் பெயரில்லா வலி மாத்திரை. அப்படிப்பட்ட சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் அறுவையின்போது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"நல்ல கால்" இல்லாத ஆறு வாரம்

வீட்டைப் பற்றி யோசிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரு முட்டி மாற்றியவர் மறு காலை ஊன்றி எழுவார், படியேறுவார். இரண்டும் மாற்றியவருக்குக் கைகள்தான் துணை. இதை இன்றே சோதித்துப் பாருங்கள்: கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, பெரும்பாலும் கைபலத்தாலேயே ஐந்து முறை எழ முடிகிறதா? தோள் உறைந்தவர்களும் மணிக்கட்டு வலிப்பவர்களும் இங்கேயே திணறுவார்கள். அவர்களால் வாக்கரை அழுத்தி நடக்க முடியாது.

நாற்காலி இருக்கை முட்டிக்கு மேல் உயரத்தில் இருக்க வேண்டும். கழிவறைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்த்தும் இருக்கையோ கமோடு நாற்காலியோ வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு படி இருக்கும். அங்கே வாக்கர் நுழையுமா என்று அளந்து பாருங்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், முதியோர் வசதிக்கான வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிக் கம்பிகளும் வழுக்காத தரைப்பூச்சும் சலுகை விலையில் பெறலாம். விண்ணப்பித்து ஆள் வந்து பொருத்த நாளாகும் என்பதால் தேதி குறித்தவுடனே விண்ணப்பியுங்கள்.

"பணிப்பெண் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள்" என்பது போதாது. 80 கிலோ ஆளை எழுப்ப அவருக்குத் தெரியுமா? மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் நேரத்தில் அவரும் கூட இருக்க வேண்டும். இரண்டு முட்டி மாற்றியவர்கள் பலர் சமூக மருத்துவமனைக்குப் போய்ச் சில வாரம் பயிற்சி எடுத்த பிறகே வீடு திரும்புகிறார்கள். இடம் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணாமல், முன்பரிசோதனைக்குப் போகும்போதே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இதமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். முட்டி மடங்கியே இறுகிவிடும். தலையணை குதிகாலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும்.

தரையில் உட்காரும் ஆசையையும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். புது முட்டி பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரை மடங்கும். சம்மணம் போடுவதற்கும் மண்டியிடுவதற்கும் அது வசதிப்படாது. இயற்கை முட்டி ஒன்று மிச்சம் இருந்தால் அதை ஊன்றியாவது பூசையறையில் எழலாம். புது முட்டி எப்படி இருக்கும் என்று ஒன்றில் பழகிவிட்டு மற்றதை முடிவுசெய்வது, இந்த ஒரு காரணத்துக்காகவே சிலருக்குச் சரியாக இருக்கும். முதல் முட்டியின் வலியை அனுபவித்த பிறகு இரண்டாவதற்கு வரவே மறுப்பவர்களும் உண்டு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பணம், விடுப்பு, தேதி

சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃபில் நீங்கள் முதலில் கட்டும் கழிவுத்தொகை ஒரு காப்புறுதி ஆண்டுக்கு ஒரு முறைதான். இரண்டு அறுவையும் அதே ஆண்டுக்குள் வந்தால் அதை இருமுறை கட்ட வேண்டியதில்லை. ஆகவே "ஒரே தடவை" எவ்வளவு, "3 மாத இடைவெளியில்" எவ்வளவு என்று இரண்டு மதிப்பீடும் எழுத்தில் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டப்படி மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள். அதில் 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பும் அடக்கம். இரண்டு அறுவைக்கும் ஒரே ஆண்டில் அது போதாமல் போகலாம்.

மகள் கல்யாணத்துக்குள் நடந்துவிட வேண்டும் என்று இரட்டை அறுவைக்கு அவசரப்படுவது வேண்டாம். 3 மாதத்துக்குள் வரும் கல்யாணத்தில் நீங்கள் மணிக்கணக்காக நிற்கப்போவதில்லை. சென்னையில் குறைந்த செலவில் முடித்துவிட்டு வர நினைப்பவர்கள், அங்கே திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கும் மெடிஷீல்ட் லைஃபும் கைகொடுக்காது என்பதையும், இரத்தக்கட்டி அபாயம் அதிகமுள்ள வாரங்களில் நாலு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.

கடைசியாக, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது ஒன்றைக் கேட்டு எழுதிவையுங்கள். முதல் முட்டி முடிந்ததும், உடல்நிலை திருப்தியாக இல்லை என்றால் மயக்க மருத்துவர் "இன்று இத்தோடு போதும்" என்று நிறுத்தலாமா? நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சம்மதம் கொடுத்துவிட்டு, வெளியே காத்திருக்கும் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். ஒரு காலில் மட்டும் கட்டோடு நீங்கள் வெளியே வந்தால் அவர்கள் பதறிவிடுவார்கள்.