மலையிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு: கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

"ஊட்டிக் குளிரையே பார்த்தவனுக்கு லண்டன் குளிர் என்ன பண்ணும்?" என்று சொந்தக்காரர்கள் தைரியம் சொல்லி அனுப்புவார்கள். குளிர் பிறகுதான் வருகிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கத்திலிருந்து வெளிநாடு படிக்கப் போகிறவர்களுக்குச் சிக்கல், விமானம் ஏற ஆறேழு மாதம் இருக்கும்போதே வீட்டு பீரோவில் இருக்கும் காகிதங்களில் தொடங்கிவிடுகிறது. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். கீழே வரும் தொகைகளும் மணிக்கணக்கும் 2025 இறுதி நிலவரம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலம் இருக்கிறது என்ற தைரியம்

கல்விக் கடனுக்கு அரசு வங்கிகள் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் அடமானம். சில வங்கிகள் தங்கள் பட்டியலில் உள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் ஈடில்லாமல் கூடுதலாகத் தரும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாத ஜெர்மனியில்கூட ஒரு வருடச் சாப்பாடும் வாடகையும் 7.5 லட்சத்துக்குள் அடங்காது. அதனால் எல்லோரும் நிலத்தைத்தான் கணக்கில் வைக்கிறார்கள்.

மலையில் அந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜன்மம் எனும் பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் வரும் நிலம் நிறைய. இரண்டு தலைமுறையாகக் குடியிருந்து, தேயிலையும் மிளகும் போட்டிருந்தாலும் கையில் பட்டா இருக்காது. வீட்டு வரி ரசீதை நீட்டினால் வங்கி வக்கீல் ஒரே வரியில் திருப்பிவிடுவார். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வேறு மாதிரி: நிலம் சுத்தமானது, ஆனால் பட்டா தாத்தா பெயரில், கூட்டுப் பட்டாவாக இருக்கும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு அளவை, பட்டா மாறுதல் என்று ஒவ்வொன்றும் ஒரு வரிசை. சித்தப்பா ஒருவர் சென்னையில், அத்தை ஒருவர் பெங்களூரில் இருந்தால் கையெழுத்து வாங்குவதற்கே ஒரு பொங்கல் போய் இன்னொரு பொங்கல் வரும். அனுமதி வாங்காமல் கட்டிய வீடு என்றால் கட்டடத்தின் மதிப்பை வங்கி கணக்கிலேயே எடுக்காமல் போகலாம்.

அட்மிஷன் லெட்டர் வந்தபின் வங்கிக்குப் போவதுதான் இங்கே பெரிய தவறு. முதலில் மூலப் பத்திரம், சிட்டா, அடங்கல், 30 வருட வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துப்போய், இந்தச் சொத்து தேறுமா என்று கடன் கேட்கப்போகும் கிளையிலேயே கேளுங்கள். தேறாது என்றால் அப்போதே தெரிந்துவிடும். வைப்புத்தொகை, எல்ஐசி பாலிசி, சமவெளியில் உள்ள உறவினர் சொத்து என்று வேறு வழி தேட நேரம் இருக்கும். தனியார் நிதி நிறுவனங்கள் ஈடில்லாமல் தரும், வட்டி அதிகம். பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம், அது இந்தியாவுக்குள் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே.

பலர் கேள்விப்படாத ஒன்று: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு நீலகிரிச் சமூகங்களும் மத்திய அரசின் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருக்கின்றன. பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 இடம். அதில் 3 இடம் இந்தப் பிரிவுக்கென்றே ஒதுக்கியது. முதுகலையும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கானது. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கடைசி நேரத்தில் அலைந்து இதை இழக்கக் கூடாது.

இனிஷியல்

மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்". பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போது அப்பா பெயரையும் சேர்த்துப் போடுவது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை இது. தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பதிந்த பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (FNU, "முதல் பெயர் தெரியாது" என்பதன் சுருக்கம்) என்று அச்சாகும். பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்து கூடவே வரும்.

சரிசெய்ய ஏற்ற நேரம் ஒன்றுதான்: பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பு. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யுங்கள். நீலகிரிக்காரர்களுக்குக் கோவை மண்டல அலுவலகம், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை. அதன்பின் எந்தப் படிவமானாலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் சிலருடையதில் பெயரே சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

தேயிலைப் பணத்தைக் காட்டுவது எப்படி

பச்சை இலை விற்று வரும் வருமானம் விவசாய வருமானம், வரி இல்லை. அதனால் சிறு தேயிலை விவசாயி வீட்டில் வருமானவரி ரிட்டர்னும் இருக்காது. கேரட், உருளை போடுகிறவர்களுக்கும், கொடைக்கானல் மேல்மலையில் மலைப்பூண்டு போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். விசா அதிகாரிக்கோ ரிட்டர்ன் இல்லாத வீட்டில் திடீரென்று 15 லட்சம் வந்து விழுந்தால் சந்தேகம் வரும். கூட்டுறவுத் தொழிற்சாலையில் இலை போட்ட கணக்கு, மேட்டுப்பாளையம் மண்டிச் சீட்டு, தாசில்தார் தரும் வருமானச் சான்று, நிலத்தின் அடங்கல் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். மண்டிப் பணத்தைக் கையில் வாங்கிச் செலவழிக்காமல், குறைந்தது ஒரு வருடமாவது வங்கிக் கணக்கு வழியாகப் போக விடுங்கள்.

பிரிட்டனுக்கு விதி கறாரானது. முதல் வருடக் கட்டணத்தில் கட்டாமல் பாக்கி உள்ளதும், வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு உரியதும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதுதான். பணம் மாணவர் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ இருக்கலாம். மாமா கணக்கில் இருந்தால் செல்லாது, அவர்தான் பிள்ளையை வளர்த்தவர் என்றாலும், சட்டப்படி பாதுகாவலராக இல்லாதவரை.

ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். அது மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான்: முதல் மாதமே வாடகை, செமஸ்டர் பங்களிப்பு, மருத்துவக் காப்பீடு, அதோடு அறைக்கு அட்வான்ஸ். அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகை வரை கேட்கலாம். முடக்கிய பணத்தை உடைத்து எடுக்க முடியாது. தனியாக ஒரு 2,000 யூரோவாவது கையில் வேண்டும். அட்வான்ஸை மூன்று மாதத் தவணையாகக் கட்ட அந்நாட்டுச் சட்டமே உரிமை தருகிறது. கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை. குளிர் வாடகை என்பது ஹீட்டர், தண்ணீர் எதுவும் சேராதது. வெறும் கம்பளியில் குளிர்காலத்தை ஓட்டிய வீட்டுப் பிள்ளைகள் ஹீட்டர் செலவைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கடனில்லாமல் சொந்தப் பணத்தை அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வங்கிக் கடனிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து பிடித்தம் இல்லை. பிடித்த பணம் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். "நமக்குத்தான் வரியே இல்லையே" என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால் போனது போனதுதான்.

ஏஜென்ட்

இவர்களுக்குக் கமிஷன் கல்லூரியிடமிருந்து வருகிறது. அதனால் ஏஜென்ட் சிபாரிசு செய்யும் கல்லூரி, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்றவற்றின் அரசுப் பட்டியல்களான கனடாவின் டிஎல்ஐயிலோ (DLI), ஆஸ்திரேலியாவின் கிரிகோஸிலோ (CRICOS), பிரிட்டனின் உரிமம் பெற்ற ஸ்பான்சர் பட்டியலிலோ இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சல், உங்கள் பாஸ்வேர்டு. ஏஜென்ட் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் பல்கலைக்கழகம் என்ன எழுதியது என்பதே உங்களுக்குத் தெரியாது. "பேங்க் ஸ்டேட்மென்ட் நாங்களே ரெடி பண்ணித் தருகிறோம்" என்று சொல்பவரிடம் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். பொய்யான ஆவணம் பிடிபட்டால் பிரிட்டனில் 10 வருடம், கனடாவில் 5 வருடம் தடை. தடை ஏஜென்டுக்கு இல்லை, மாணவருக்கு.

மலைப்பாதையைக் கணக்கில் சேர்க்காதது

செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு விசா நேர்காணலும் கைரேகையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சியில் மழை கொட்டும் மாதங்கள் அவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. ஜனவரிப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு அக்டோபர், நவம்பர்: குன்னூர் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரியும் பருவம். அன்று காலை இறங்கிச் சென்னை ரயிலைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், முந்தின நாளே கோவையிலோ வத்தலக்குண்டிலோ இருங்கள். கூடலூரிலிருந்து மைசூர் வழியாக பெங்களூர் விமான நிலையம் போகிறவர்கள் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை வைத்து நேரம் குறியுங்கள். வழியனுப்ப வெளியூர்ப் பதிவெண் காரில் மலையேறி வரும் சித்தப்பாவுக்கு இ-பாஸ் எடுக்கவும் சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்குள்

வர்க்கியும் ஹோம்மேட் சாக்லேட்டும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகளிடம் அனுமதிப்பதில்லை. பிஸ்கட், சாக்லேட் வகைக்கு விலக்கு உண்டு. நெய் டப்பாவும் பால்கோவாவும் குப்பைக்குத்தான் போகும். ஆஸ்திரேலியாவில் எந்தத் தின்பண்டமானாலும் பயணிகள் வருகை அட்டையில் "இருக்கிறது" என்று எழுதிக் காட்டுங்கள். காட்டிவிட்டால் அதிகபட்சம் பிடுங்கிக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், மாணவர் விசாவை ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு.

கசகசா மிக முக்கியம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்த பொருள் அது. குருமாப் பொடியில் அம்மா சேர்த்து அரைத்திருந்தால்? துபாய் வழியாகப் போகும் பெட்டியில் அந்தப் பொடி வேண்டவே வேண்டாம். நீலகிரித் தைலம் எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் பெரிய பாட்டிலை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

சரி, இப்போது குளிர்

ஊட்டியில் டிசம்பர் காலை ஆறு மணிக்குப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். பத்து மணிக்கு வெயில் உறைத்து ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம். அந்தப் பத்து மணி வெயில் அங்கே வராது. டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் நாலு மணிக்கே இருட்டு. மலைப்பிள்ளைகளை அசைத்துப் பார்ப்பது பெரும்பாலும் இந்த இருட்டுதான். பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடக்கும்படி வகுப்பு இடைவெளியைப் பயன்படுத்துங்கள்.

உடையிலும் ஊட்டிக் கணக்கு செல்லாது. தடித்த கம்பளி ஸ்வெட்டர் நூலிடைவெளியில் காற்றை விடும், தூறலில் நனையும். பஸ்ஸுக்குள்ளும் வகுப்பிலும் 20 டிகிரி வைத்திருப்பார்கள், உள்ளே வேர்க்கும். உடம்போடு ஒட்டும் தெர்மல், அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். தெர்மலை இங்கேயே வாங்கலாம். ஜாக்கெட்டும் பிடிப்புள்ள பூட்ஸும் அங்கே போய் வாங்குவது நல்லது.

கதவு ஜன்னலைச் சாத்தி மூலையில் கரிச்சட்டி வைத்துக் குளிர்காயும் வழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் கொல்லும். இங்கேயும் கூடாது, அங்கே நினைக்கவே கூடாது. ஜன்னலைத் திறக்காததாலும் வேறொரு தொல்லை உண்டு. அரிசி வேகும் ஆவியும் அறைக்குள் காயும் துணியின் ஈரமும் சேர்ந்து கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும். இரண்டு மாதத்தில் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை. வீட்டுக்காரர் அதை அட்வான்ஸில் கழிப்பார். குளிர் எவ்வளவு இருந்தாலும் தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து வையுங்கள்.

வேலை நேரமும் தபாலும்

பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஒரு வாரம் 15, மறுவாரம் 25 என்று சராசரி பார்க்க முடியாது. உணவு டெலிவரி செயலியில் ஓட்டுவது சுயதொழில் கணக்கில் வரும். மாணவர் விசாவில் அதற்கு இடமே இல்லை, வேறொருவர் ஐடியை வாடகைக்கு எடுப்பது இன்னும் மோசம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி, ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள். அமெரிக்காவில் முதல் கல்வியாண்டு முழுவதும் வளாகத்துக்குள் மட்டும்தான், அதுவும் வாரம் 20 மணி.

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு தேவை. "பதிவெல்லாம் முடியாது" என்று சொல்லும் அறையை எடுக்காதீர்கள். பதிந்த சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும்: மாதம் 18.36 யூரோ, தலைக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறித்துப் பதில் எழுதினால் போதும். விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டால் பாக்கி சேர்ந்து அபராதத்தோடு திரும்ப வரும்.