தனியே இனித்த டோன், பேண்டில் காணாமல் போன கதை

வீட்டில் தனியாக வாசித்தால் என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார்) மணிமணியாக ஒலிக்கும். ரிகர்சலில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் ஆளையே காணோம். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். காதைக் குத்தியதே தவிர எடுபடவில்லை.

கோளாறு ஆம்ப்பில் நான் வைத்திருந்த ஈக்யூவில்தான், அதாவது கீழ், நடு, மேல் ஒலிகளின் அளவைத் திருத்தும் குமிழ்களில்தான். கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று பேஸையும் (கீழ் ஒலி) ட்ரெபிளையும் (மேல் ஒலி) ஏற்றி, மிட்டை (நடு ஒலி) இறக்கியிருந்தேன். கீழ்ப்பகுதி பேஸ் கிட்டாருக்கு, மேல்பகுதி சிம்பலுக்கு. எனக்கு மிஞ்சியது மிட் மட்டும்தான். அதையும் நானே வெட்டிவிட்டு முழித்திருக்கிறேன்!

ஆம்ப்பில் பேஸைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி, மிட்டை ஏற்றினேன். பாதி சரியானது. மீதியைச் சரிசெய்தது, கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே மாட்டும் ஒரு டியூப் ஸ்க்ரீமர் பெடல். அது டிஸ்டார்ஷனுக்கு, அதாவது ஒலியைக் கரகரப்பாக்க மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். டிரைவை (கரகரப்பின் அளவு) அடியோடு குறைத்து லெவலை (வெளிவரும் சத்தம்) ஏற்றினால், 720 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைத் தூக்கிக் கொடுத்து, அடிப்பகுதியையும் கழித்துவிடுகிறது. அதற்கு முன்னால், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர்: ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது) 3:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 30 மில்லிசெகண்ட். அட்டாக்கை வேகமாக வைத்தால் பிக் படும் அந்த ‘டக்’ அமுங்கிவிடும்.

பேண்டின் இன்னொரு கிட்டார் ஹம்பக்கரில் (தடித்த ஒலி தரும் இரட்டைச் சுருள் பிக்கப்) ஆறு கம்பியையும் அடிக்கும்போது, நான் பிரிட்ஜ் பிக்கப்பும் நடு பிக்கப்பும் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தங்கள்) சேர்ந்த நிலையில், மேல் ஸ்தாயிக் கம்பிகள் மூன்றில் மட்டும் வாசிக்கிறேன். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கிறது. பேண்டில் ஒவ்வொரு நோட்டும் கணீரென்று விழுகிறது.