காதில் விழுந்ததை அல்ல, எழுதியதைப் படியுங்கள்

அமெரிக்க ரயிலில் பணிபுரியும்போது, டிஸ்பாட்சர் (ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்) ரேடியோவில் தரும் ரயில் உத்தரவை எழுதிக்கொண்டு அவரிடமே திருப்பி ஒப்பிக்க வேண்டும். அப்போது நினைவிலிருந்து சொல்லாதீர்கள். படிவத்தில் எழுதியதை விரல் வைத்து வரிவரியாகப் படியுங்கள். எண்களை முழுதாகச் சொல்லிவிட்டு, இலக்கம் இலக்கமாகவும் சொல்லுங்கள்: "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்".

காது சரியாகக் கேட்டு, கை தப்பாக எழுதுவதுதான் அடிக்கடி நடப்பது. நினைவிலிருந்து ஒப்பித்தால் டிஸ்பாட்சருக்கு எல்லாம் சரியாகவே கேட்கும். ஆனால் வண்டி ஓடப்போவது காகிதத்தில் உள்ள மைல் கம்ப எண்ணை நம்பி. இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோல ஒலிக்கும், "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்றால் குழப்பமில்லை. "ரோஜர், புரிந்தது" என்பது ஒப்பிப்பே ஆகாது.

முழுதும் சரிபார்த்தபின் டிஸ்பாட்சர் நேரத்தையும் தன் பெயரையும் சொல்வார். அதையும் திருப்பிச் சொல்லி ஒப்புக்கொண்டால்தான் உத்தரவு முழுமை. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி (பகுதி 220) நடுவில் அறுந்த உத்தரவு வராத உத்தரவுக்குச் சமம். மீண்டும் முதலிலிருந்து வாங்குங்கள். ஓடும் வண்டியின் கட்டுப்பாட்டில் இருப்பவர் எழுதி வாங்கக்கூடாது, கண்டக்டர் (ரயில் குழுவின் பொறுப்பாளர்) வாங்க வேண்டும். ஆள் வேறு யாரும் இல்லையென்றால் வண்டியை நிறுத்துங்கள். புறப்படும் அவசரத்தில் முதலில் காற்றில் பறப்பது இந்த விதிதான். உத்தரவின்படி நகரும் முன் கண்டக்டர், இன்ஜினியர் (ரயிலை ஓட்டுபவர்) இருவரிடமும் எழுத்துப் பிரதி இருக்க வேண்டும்.

அவசர அழைப்புக்கு இது பொருந்தாது. "எமர்ஜென்சி" என்று மூன்று முறை கேட்டு, நிறுத்தச் சொன்னால் பேனாவைத் தேடாதீர்கள். முதலில் பிரேக்.