அசெம்பிளியில் பிரின்ட்எஃப் எழுதியது கோப்பில் இல்லையா?

64-பிட் லினக்ஸ் அசெம்பிளியில் பிரின்ட்எஃப் (printf) பாவித்தால், நிரலை முடிக்க ஆர்ஏஎக்ஸ் (rax) ரெஜிஸ்டரில் 60 போட்டு, கேர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) நேரே அழைக்கும் சிஸ்கால் (syscall) கொடுக்காதீர்கள். இடிஐ (edi) ரெஜிஸ்டரில் 0 வைத்து, சி நூலகத்தின் எக்ஸிட் (exit) ஃபங்ஷனைக் கால் பண்ணுங்கள்.

வெள்ளவத்தையில் படிக்கிற பிள்ளைகள் அசைன்மென்டோடு இரவிரவாக மல்லுக்கட்டுவது அநேகமாக இந்தப் பிழையோடுதான்: திரையில் எல்லாம் சரியாக வருகிறது, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் 0 பைட். பிரின்ட்எஃப் எழுதுவது முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவக இடத்தில்தான் சேரும். திரை என்றால் வரி முடிந்ததும் வெளியே வரும். கோப்பு, பைப் (இன்னொரு நிரலுக்கு அனுப்பும் வழி) என்றால் பஃபர் நிறையும் வரை உள்ளேயே கிடக்கும். 60ஆம் சிஸ்கால் நேரே கேர்னலுக்குப் போகிறது, அதற்கு இந்தப் பஃபர் இருப்பதே தெரியாது. எக்ஸிட்தான் அதை வெளியே தள்ளி, முடிவில் ஓடும்படி ஏட்எக்ஸிட்டில் (atexit) பதிந்த ஃபங்ஷன்களையும் ஓட்டிவிட்டு நிரலை மூடும்.

சி நூலகமே இல்லாமல் ரைட் (write) சிஸ்காலால் மட்டும் எழுதுகிறீர்களா? அப்போது 60 போதும். ஃபோர்க் (fork) பண்ணி, தாய் நிரலின் நகலாக உருவான பிள்ளை நிரலிலும் எக்ஸிட் வேண்டாம். தாய் நிரலின் பஃபரில் இருந்தது அங்கேயும் நகலாகி, இரண்டு தடவை அச்சாகிவிடும்.