சாயாக்கடையில் பேசுவதை ரெட்ரோவில் பேச வைப்பது எப்படி

நாகர்கோவிலில் எங்கள் சாஃப்ட்வேர் டீமில் ஒன்பது பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது இவ்வளவு வேலை என்று எடுத்து முடிக்கிற ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் எது நல்லா போச்சு, எது சொதப்பிச்சு என்று திரும்பிப் பார்க்கிற மீட்டிங்தான் ரெட்ரோ. முதல் ஆறு மாதம் ரெட்ரோ மீட்டிங்கில் எல்லாரும் "நல்லா போச்சுண்ணா" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்து கீழே சாயாக்கடையில் நின்றுதான் உண்மையைப் பேசுவார்கள். ஒரு ரிலீஸ் சொதப்பி ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தோம். டெஸ்ட் சர்வரில் இருந்த டேட்டா மூன்று வாரப் பழசு என்று முன்னாடியே தெரியும் என, சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு தங்கச்சி மறுநாள் அந்தக் கடையில் வைத்துச் சொன்னாள். ஏம்மா அப்பவே சொல்லலை என்று கேட்டால், "அதை அண்ணன்தானே பாத்துக்கிட்டு இருந்தாங்க, நான் எப்படிச் சொல்ல?" என்றாள். எனக்குப் பெரிய வெப்ராளமாகிவிட்டது. மூத்தவர் முகம் கோணிவிடுமோ என்ற இந்தத் தயக்கத்தை உடைக்காமல் எந்த டெம்ப்ளேட் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

அதனால் பேசுவதற்கு முன்னால் எழுத வையுங்கள். ஏழு நிமிடம், சத்தமே இல்லாமல், ஒரு சீட்டுக்கு ஒரு விஷயம், பெயர் வேண்டாம். தமிழில் எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இது ரொம்ப முக்கியம். இங்கிலீஷில் எழுதச் சொன்னால் "கம்யூனிகேஷன் இஷ்யூ" என்று இரண்டு வார்த்தை வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதே ஆள் தமிழில் எழுதினால் "செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு டிசைன் மாறினது எனக்குப் புதன் சாயங்காலம்தான் தெரிஞ்சுது" என்று வருகிறது. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

சீட்டுகளை நடத்துகிறவர் வாசிக்கட்டும். அப்புறம் பேச்சு புதிதாக வந்தவர்களிடமிருந்து தொடங்கட்டும். லீட் கடைசி ஆள். லீடே நடத்தவும் கூடாது, ஒவ்வொரு தடவையும் ஒருவர். யாராவது வீட்டிலிருந்து வீடியோவில் இருந்தால் சீட்டை விட்டுவிட்டு எல்லாரும் ஒரே ஷேர்டு ஷீட்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அவர் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

நேரம்: வெள்ளி சாயங்காலம் வேண்டவே வேண்டாம், மார்த்தாண்டம், குளச்சல் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஸ்பிரிண்ட் முடிகிற வியாழன் காலை 11 மணிக்கு, ஒன்றேகால் மணி நேரம் வைக்கிறோம். ஒரு மாத ஸ்பிரிண்டுக்கே அதிகபட்சம் 3 மணி நேரம்தான் ஸ்க்ரம் கைடு (இப்படி ஸ்பிரிண்டாகப் பிரித்து வேலை செய்கிற முறைக்கான வழிகாட்டி) சொல்கிறது, ஆகவே இரண்டு வாரத்துக்கு இது தாராளம்.

எல்லாச் சீட்டையும் பேச ஆசைப்படாதீர்கள். ஆளுக்கு மூன்று ஓட்டு, அதிக ஓட்டு விழுந்த இரண்டை மட்டும் எடுங்கள். எடுத்ததை டொயோட்டாக்காரர்கள் செய்வதுபோல "ஏன், ஏன்" என்று அடிவரை கேளுங்கள். ஒரு டிசம்பரில் எங்களுக்கு "எஸ்டிமேஷன் தப்பு", அதாவது வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு தப்பு என்பதற்குத்தான் அதிக ஓட்டு. ஏன் தப்பு? ரிலீஸ் வாரத்தில் பாதிப் பேர் இல்லை. ஏன்? டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அது ஏன் பிளானில் இல்லை? பிளான் போட்டவர்கள் சென்னையில் இருந்து சென்னை காலண்டரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் எஸ்டிமேஷனில் ஒரு தப்பும் இல்லை. ஓணம், சிவராத்திரி, டிசம்பர் 3 மூன்றையும் பிளானிங் காலண்டரில் ஏற்றியதோடு தீர்ந்தது (சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடியே போகிற சிவாலய ஓட்டம் ஓடுகிற இரண்டு பேர் எங்கள் டீமில் இருக்கிறார்கள், மறுநாள் அவர்களிடம் வேலை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை).

முடிவு என்று எழுதினால் அதில் ஆள் பெயரும் தேதியும் வேண்டும். "இனிமேல் கவனமா இருப்போம்" என்பது முடிவே இல்லை. ஒன்று அல்லது இரண்டு போதும், அதையும் ஜிராவில் (டீம் வேலைகளை ஒவ்வொரு டிக்கெட்டாகப் பதிந்து வைக்கிற சாஃப்ட்வேர்) மற்ற வேலைகளோடு டிக்கெட்டாகப் போடுங்கள். அடுத்த ரெட்ரோவில் முதல் ஐந்து நிமிடம் அந்த டிக்கெட்டைத் திறந்து வாசியுங்கள். முடியவில்லை என்றால் ஏன் என்று அதையே முதலில் பேசுங்கள்.

ரெட்ரோவில் ஒருவர் சொன்னது அவருடைய அப்ரைசலில் ஒரு தடவை வந்தால் போதும், அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மேனேஜரிடம் இதை முதல் ரெட்ரோவுக்கு முன்னாடியே பேசி உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தங்கச்சிதான் போன வாரம் எங்களுக்கு ரெட்ரோ நடத்தினாள், முதல் சீட்டு என்னுடைய கோட் ரிவ்யூ தாமதத்தைப் பற்றியது, அவள் அதைச் சத்தமாகத்தான் வாசித்தாள்.